ஓடும் வீடும் கோடை வெயிலும்



35 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறி இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். அப்போது நான் இளம் ஆசிரியன். பங்குனி மாதத்தில் ஒருநாள் எங்கள் பள்ளி மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு தஞ்சைப் பெரிய கோயிலைக் காணப் புறப்பட்டோம். நண்பகலில் சாலையோரத்துப் பொட்டலில் வண்டியை நிறுத்தி உணவருந்த இறங்கினோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தலை வலிக்கிறது என்று சொல்லி வண்டிக்குள்ளேயே படுத்துக்கொண்டான். புழுதி படாமல் உறங்கட்டும் என்று நானே எல்லாச் சன்னல்களையும் இழுத்து மூடிவிட்டு இறங்கினேன்.

அரை மணி நேரம் கழிந்தது. எதையோ எடுக்க வண்டிக்குள் சென்ற ஓட்டுநர், அந்தச் சிறுவனைத் தோளில் சுமந்துகொண்டு வெளியே ஓடி வந்தார். அவன் உடல் அனலாகக் கொதித்தது, கண்கள் செருகியிருந்தன. புளியமரத்து நிழலில் அவனைக் கிடத்தி, சட்டையைக் களைந்து, நனைத்த துண்டால் உடல் முழுவதும் ஒற்றி, மற்றொரு துண்டால் விசிறினார். பிறகு என்னைப் பார்த்து, “சார், நிற்கிற வண்டி வண்டி இல்லை சார், அது அடுப்பு” என்றார். சிறுவனை மருத்துவரிடம் கொண்டு சென்றோம், அவன் பிழைத்துக்கொண்டான். ஆயினும், வெப்பத்தின் இயல்பை வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பித்து வந்த நான், அந்த இயல்பை ஒரு வண்டிக்குள் காணத் தவறினேன் என்பதை இன்றளவும் மறக்க இயலவில்லை.

அந்த நாள் முதல் ஒரு கேள்வி என் உள்ளத்தில் குடிகொண்டது. வண்டியையே வீடாக்கி, அதில் உண்டு உறங்கி, வாரக்கணக்கில் ஊர் சுற்றும் மக்கள் மேல்நாடுகளில் உண்டு அல்லவா? கோடைக்காலத்தில் அவர்கள் தம் ஓடும் வீட்டை எவ்வாறு குளிர்ச்சியாக வைத்துக்கொண்டனர்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் ஏறக்குறைய 140 ஆண்டுக்கால வரலாறு நம் கண்முன் விரிகிறது. அந்த வரலாறு முழுவதும் ஓடும் உண்மை ஒன்றே: வெப்பத்தை எவராலும் அழிக்க முடியாது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றத்தான் முடியும். நாம் தள்ளிவிட்ட வெப்பத்தை ஏற்றுக்கொள்வது யார் என்று கேட்டுக்கொண்டே இவ்வரலாற்றைப் பின்தொடர்வோம்.

நாடோடி மக்களும் காட்சிக்கூடம் நடத்துவோரும் கூண்டு வண்டிகளில் வாழ்ந்தது பழைய செய்தி. இன்பப் பயணத்துக்கென்றே அத்தகைய வீட்டு வண்டியைச் செய்வித்துக்கொண்டவர்களுள் முன்னோடியாகப் போற்றப்படுபவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஆங்கிலேயக் கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, சிறுவர்களுக்குக் கதைகள் எழுதி வந்தவர் அவர். பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்று அவருக்காகச் செய்த மர வண்டிக்கு ‘வாண்டரர்’ என்று பெயரிட்டார். ‘நாடோடி’ என்பது அதன் பொருள். ஏறக்குறைய 2 டன் எடையுள்ள அந்த வண்டியை இரண்டு குதிரைகள் இழுத்தன. 1885-ஆம் ஆண்டுக் கோடையில் தென் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள இன்வெர்னஸ் வரை அவர் பயணம் செய்தார்.

அக்காலத்து வண்டிகளுக்கு இயற்கையான பாதுகாப்பு ஒன்று இருந்தது. அவை மரத்தால் ஆனவை. மரம் வெப்பத்தை விரைவில் கடத்துவதில்லை. அன்றியும், அக்காலத்துக் கூண்டு வண்டிகள் பலவற்றிலும் இரயில் பெட்டிகளிலும் கூரையின் நடுப்பகுதியை மட்டும் சற்றே உயர்த்தி, அதன் இரு பக்கங்களிலும் சிறு சாளரங்களை வரிசையாக அமைத்தனர். இதன் காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். சூடான காற்று இலேசானது; ஆகவே மேலே எழுகிறது. மேலே வழி இருந்தால் அது வெளியேறும். அது விட்ட இடத்தைக் கீழிருந்து வரும் குளிர்ந்த காற்று நிரப்பும். விசையோ செலவோ இன்றி நாள் முழுவதும் வேலை செய்யும் ஏற்பாடு அது. இங்கே வெப்பத்தை ஏற்றுக்கொண்டது வெளிக்காற்று.

குதிரை போய் மோட்டார் வந்தது. அமெரிக்காவில் ஹென்றி போர்டின் மலிவான கார்கள் பெருகியபின், நடுத்தரக் குடும்பத்தினரும் காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினர். 1919-இல் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் ஒன்றுகூடிய அத்தகைய பயணிகள் ஒரு சங்கம் அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘தகர டப்பாப் பயணிகள்’ என்பதாகும். காரின் முன்புறத்தில், ரேடியேட்டர் மூடியின்மேல் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களுடைய அடையாளம்.

வெயிலை வெல்ல இவர்கள் கண்ட வழி மிக எளியது. குளிர்காலத்தில் வெதுவெதுப்பான தென்திசைப் புளோரிடா; கோடை வந்ததும் வண்டியைத் திருப்பி வடதிசைப் பயணம். வலசை போகும் பறவைகளின் வழியும் இதுவே அல்லவா? அசையாத வீட்டில் வாழும் நமக்கு இல்லாத ஒரு வசதி ஓடும் வீட்டில் வாழ்வோருக்கு உண்டு. வெப்பத்தை இடம் மாற்ற முடியாவிட்டால் தாமே இடம் மாறிக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாக் காலத்திலும் இடம் மாறிக்கொண்டே இருக்க இயலுமா? 1930-களில் வீட்டு வண்டிகள் பெரியனவாயின. மரத்தின் இடத்தை உலோகம் பிடித்தது. உலோகம் உறுதியானது, மழைக்கு அஞ்சாதது. ஆனால் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவது. நில வீட்டின் தடித்த செங்கற்சுவர் சூடேறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. வண்டியின் மெல்லிய தகட்டுக்கோ சில நிமிடங்கள் போதும். கண்ணாடிச் சன்னல் வழியே நுழையும் ஒளி, உள்ளிருக்கும் இருக்கைகளின்மேல் விழுந்து வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பம் வந்த வழியே வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. மூடிய கார்களைக் கொண்டு அமெரிக்க மருத்துவர்கள் செய்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியாயிற்று. வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்த இதமான நாளிலும், காரினுள் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 22 டிகிரி கூடுதலாக வெப்பம் ஏறக்கூடும் என்று அவர்கள் கண்டனர். அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. நான் மூடிய பேருந்தையும், கழிந்த அரை மணி நேரத்தையும் இங்கே நினைவுகூருங்கள். எங்கள் பங்குனி வெயில் 22 டிகிரி அன்று!

ஆகவே பொறியாளர்கள் முதலில் கருதியது வெப்பத்தை உள்ளே விடாத வழியை. 1936-இல் அமெரிக்காவில் வாலி பையம் என்பவரின் ‘ஏர்ஸ்ட்ரீம்’ நிறுவனம் ‘கிளிப்பர்’ என்னும் வீட்டு வண்டியை வெளியிட்டது. விமானத்தைப் போல அலுமினியத் தகடுகளை ஆணியடித்து இணைத்த உடல், நால்வர் உறங்க இடம், நீர்த்தொட்டி, மின்விளக்கு, சுவரினுள் வெப்பத்தைத் தடுக்கும் உறை, காற்றோட்டத்துக்கு நல்ல ஏற்பாடு. பளபளக்கும் அலுமினியம் சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பளபளப்பான உலோகம் ஒளியைத் திருப்பி அனுப்புவதில் வல்லதாயினும், தான் ஏற்ற வெப்பத்தை வெளியே வீசுவதில் மந்தமானது. வெள்ளை வண்ணம் பூசிய பரப்போ இரண்டு வேலைகளையும் செய்கிறது. ஆதலால் கொளுத்தும் வெயிலில், மெருகேற்றிய உலோகக் கூரையைக் காட்டிலும் வெள்ளைக் கூரையே குளிர்ச்சியானது. இன்றும் பெரிய சுற்றுலா வண்டிகளின் கூரை பெரும்பாலும் வெண்மையாக இருப்பதன் பொருள் இதுவே.

எவ்வளவு தடுத்தாலும் ஓரளவு வெப்பம் உள்ளே வந்தே தீரும். வந்த வெப்பத்தை வெளியேற்றுவது எப்படி? அதற்கு மனிதன் முதலில் நாடியது பனிக்கட்டியை. அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டி, கப்பலேறி 1833-இல் கல்கத்தா வந்து சேர்ந்தது. அத்தகைய பனிக்கட்டியைச் சேமிக்கவே 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. அக்கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகி நீராவதற்கு 80 கிலோகலோரி வெப்பம் தேவை. அதனைத் தன்னைச் சூழ்ந்த காற்றிலிருந்தே அது பெற்றுக்கொள்கிறது. அமெரிக்க அளவில் 2,000 பவுண்டு கொண்ட ஒரு டன் பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது ஏற்கும் வெப்பமே இன்றும் குளிர்சாதனங்களின் அளவுகோல். கடைக்காரர் ‘ஒரு டன் ஏ.சி.’ என்று சொல்வது இயந்திரத்தின் எடையை அன்று. மறைந்துபோன பனிக்கட்டியின் நினைவை!

ஓடும் வண்டிகளுள் பனிக்கட்டியைப் பெருமளவில் பயன்படுத்தியவை இரயில்கள். 1930-களில் அமெரிக்க இரயில் பெட்டிகள் பலவற்றின் அடியில் பனிக்கட்டிப் பேழைகள் இருந்தன. நம் நாட்டிலும் பம்பாய்க்கும் பெஷாவருக்கும் இடையே ஓடிய பிரண்டியர் மெயிலில், 1934 முதல் பனிக்கட்டிப் பாளங்களைக் கொண்டு ஒரு பெட்டியைக் குளிர்வித்தனர். பாளங்கள் உருக உருக, வழியிலுள்ள நிலையங்களில் புதியன நிரப்பப்பட்டன. அந்தக் குளிர்ச்சி உயர் வகுப்புப் பயணிகளுக்கே உரியதாயிற்று. அதே இரயிலில் அதே பாலைக்காற்றை மற்றப் பெட்டிகளில் இருந்தோர் முகத்தில் ஏற்றுச் சென்றனர் என்பதையும் வரலாறு படிப்போர் மறத்தலாகாது.

வீட்டு வண்டியால் டன் கணக்கில் பனிக்கட்டியைச் சுமக்க முடியாது. ஆகவே முன்னர்க் கூறிய கிளிப்பர் வண்டியில் உலர் பனிக்கட்டியைக் கொண்டு குளிர்விக்கும் அமைப்பை வைத்தனர். உலர் பனிக்கட்டி என்பது கெட்டியாக உறைந்த கரியமில வாயு. அதன் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 78 டிகிரி. அது நீராகாமல் நேரே வாயுவாகிவிடும். ஆனால் மூடிய அறையில் அவ்வாயு பெருகினால் மூச்சு முட்டும். உயிருக்கே இடர் நேரும். வழியெல்லாம் அதனைத் தேடி வாங்குவதும் எளிதன்று. எனவே இம்முறை நிலைபெறவில்லை.

அடுத்த துணை தண்ணீர். சாதாரண வெப்பநிலையில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதாவது, அதே எடையுள்ள பனிக்கட்டி உருகும்போது ஏற்பதைப்போல் ஏழு மடங்கு! விலை கொடுத்து வாங்கும் பனிக்கட்டியைவிடக் குழாயில் வரும் நீர் இவ்வகையில் வலியது என்பது வியப்பல்லவா? நம் மண்பானையும், நனைத்துத் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டியும் இந்த உண்மையால் இயங்குவன. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலை நிலங்களில், 1930 முதல் 1950-களின் இறுதி வரை, காரின் சன்னலில் உருளை போன்ற ஒரு கருவியை மாட்டிக்கொள்வர். உள்ளே நனைந்த திரை இருக்கும். வண்டி ஓடும் வேகத்தில் நுழையும் காற்று அத்திரையினூடே புகுந்து குளிர்ந்து உள்ளே வரும். சில கருவிகளில் பயணி அவ்வப்போது ஒரு கயிற்றை இழுத்துத் திரையை நனைக்க வேண்டும்.

இம்முறைக்கு ஒரு வரம்பு உண்டு. காற்றிலே ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் எளிதில் ஆவியாகாது. அரிசோனாவின் வறண்ட காற்றில் சிறந்து விளங்கிய கருவி, புளோரிடாவின் கடற்காற்றில் தோற்றுப்போயிற்று. கொடி உலராத நாளில் உடல் வேர்வையும் உலராது என்பது சென்னையில் வாழ்வோருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இறுதியாக வந்தது இயந்திரம். 1902-இல், புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்கியதைத் தடுக்க, வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் காற்றைப் பதப்படுத்தும் அமைப்பை வகுத்தார். காகிதத்துக்காகப் பிறந்த அக்கலை பிறகு மனிதருக்குப் பயன்பட்டது. பால்டிமோர்–ஒகாயோ இரயில்வே 1930-இல் தன் உணவுப் பெட்டி ஒன்றையும், 1931-இல் ‘கொலம்பியன்’ என்ற முழு இரயிலையும் குளிர்பதனம் செய்தது. 1939-இல் பேக்கர்டு நிறுவனம், தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் பொருத்திய காரைக் காட்சிக்கு வைத்தது. அச்சாதனம் பெட்டிகள் வைக்கும் இடத்தில் பாதியை அடைத்துக்கொண்டது.

இயந்திரத்தின் தத்துவம் பானையின் தத்துவமே. எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் குழாயினுள் ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தை ஏற்கிறது. பின்னர் கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்த, அது சூடேறி, வெளிப்புறக் குழாய்களில் தன் வெப்பத்தைக் கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகிறது. பானைத் தண்ணீர் ஆவியாகிப் பறந்துவிடும். இத்திரவமோ போய்ப் போய்த் திரும்பி வரும். 1960-களில் அமெரிக்காவில் மோட்டார் வீடுகள் பெருகின. அயோவா மாநிலத்து வின்னபேகோ நிறுவனம் 1966 முதல் அவற்றைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது. காளையின் திமில்போலக் கூரையின்மேல் உட்காரும் குளிர்சாதனமும் அக்காலத்திலேயே பரவியது. இன்று அத்தகைய சாதனம் ஒன்று சாதாரணமாக ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றலுடையது; நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கிலோ பனிக்கட்டி செய்யும் வேலையை அது செய்கிறது. மிகப் பெரிய வண்டிகளில் இரண்டு, மூன்று சாதனங்களும் இருப்பதுண்டு. அவற்றை இயக்க மின்னிணைப்போ ஜெனரேட்டரோ வேண்டும்.

இங்கே நம் பழைய கேள்வியைக் கேட்போம். வண்டியிலிருந்து வெளியேறிய வெப்பத்தை ஏற்றவர் யார்? வெளிக்காற்றும், அடுத்து நிற்கும் அயலாரும். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. தொடக்கக் காலத்து இயந்திரங்களில் அம்மோனியா, கந்தக டையாக்சைடு போன்ற நச்சுப் பொருள்கள் ஓடின. அவை கசிந்தால் ஆபத்து. 1930-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற வேதியியலார், ‘பிரியான்’ என்னும் புதிய வாயுவை அறிஞர் அவையில் தாமே மூச்சாக இழுத்து, அதனை ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீப்பற்றுவதும் இல்லை என உலகம் மகிழ்ந்தது. வீடுகளிலும் வண்டிகளிலும் அது புகுந்தது. 1974-இல் மொலினா, ரோலண்டு என்னும் இரு விஞ்ஞானிகள், இவ்வகை வாயுக்கள் வானின் உயரத்துக்குச் சென்று, நம்மைப் புற ஊதாக் கதிரினின்று காக்கும் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று எச்சரித்தனர். 1985-இல் தென் துருவத்தின்மேல் அப்படலம் மெலிந்திருப்பது வெளிப்பட்டது. 1987-இல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்து, அவ்வாயுக்களைப் படிப்படியாகக் கைவிட்டன. அவற்றுக்கு மாற்றாக வந்த வாயுக்களுட் பல பூமியைச் சூடேற்றுவன என்பதால், 2016-இல் கிகாலி நகரில் அவற்றையும் குறைக்க முடிவாயிற்று.

நண்பர்களே, இதிலிருந்து நாம் இயந்திரத்தை வெறுக்கக் கற்க வேண்டியதில்லை. முதியோரையும் நோயாளரையும் கடுங்கோடையில் அது காக்கிறது. ஆனால் அதற்குரிய இடம் வரிசையில் கடைசி. அனுபவம் மிக்க வண்டிக்காரர் இன்றும் முதலில் மரநிழல் தேடி நிறுத்துவார். வெயில் விழும் பக்கத்தில் பந்தல்திரையை விரிப்பார். கண்ணாடிக்கு மறைப்பு இடுவார். மாலையில் காற்று குளிர்ந்ததும் கூரைச் சாளரத்தைத் திறப்பார். வறண்ட நாடாயின் நீரின் உதவியை நாடுவார். எஞ்சிய வெப்பத்தை மட்டுமே இயந்திரத்திடம் விடுவார். அப்போது சிறிய இயந்திரமும் போதும், எரிபொருளும் மிச்சம், அயலார்மேல் கொட்டும் அனலும் குறைவு.

அன்று அந்தப் பேருந்து ஓட்டுநர் செய்தது என்ன? சிறுவனை வெயிலினின்று நிழலுக்குக் கொண்டுவந்தார்; காற்றுப்பட வைத்தார்; நீரால் நனைத்தார்; விசிறினார். அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆராய்ந்து வகுத்த வரிசை அவர் கைகளில் இருந்தது. எனக்கோ அது புத்தகத்தில் மட்டுமே இருந்தது. அந்தச் சிறுவன் இன்று குடும்பத்தலைவன். ஆண்டுதோறும் பொங்கலுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறான். அவ்வாழ்த்துக்கு உரியவர் அந்த ஓட்டுநரே.

நீங்கள் நாளை எந்த வண்டியில் ஏறினாலும், இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மூடிய வண்டிக்குள், வெயிலில், ஒரு குழந்தையோ முதியவரோ வாயில்லாப் பிராணியோ ஒரு நிமிடமும் இருத்தலாகாது. இன்றைய பேச்சில் மற்றவை மறந்து போனாலும், இஃதொன்று நினைவில் நின்றால் எனக்கு அதுவே போதும்.